சொன்ன உயரம்

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் இன்று என் முன்சீட்டில் இருந்த அம்மாள், டிக்கெட் வாங்கி முடித்ததும் பையிலிருந்து ஒரு தைலப் புட்டியை எடுத்து முழங்காலில் தேய்த்துக்கொண்டார். மூக்கில் ஏறியதும் கண்ணை லேசாகக் கரிக்கவைக்கும் அந்த வாசனை. நான் சட்டென்று பக்கத்துச் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். ஜன்னலோரம் யாரோ ஒரு பெண் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். நீ இருக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பினேன்.

உன் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். உன் வீட்டுக்காரரிடம் ஒரு செய்தி சொல்ல வேண்டியிருந்தது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அது முதலில் உன்னிடம் சொல்ல வேண்டிய செய்தி. அதற்கு வழியில்லாததால், உன் வீட்டில் வைத்தாவது சொல்வோம் என்று கிளம்பினேன். போய்ச் சொல்லிவிட்டும் வந்துவிட்டேன். ஆனாலும் மனசு அடங்கவில்லை. அதனால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஜெனிதாவைப் பற்றிய செய்தி. ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் எனக்கே கோவையாக வரும். முதல் பாதி உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் கேட்டுக்கொள்.

நாம் சிநேகிதிகள் ஆனதே ஒரு தகராறில். அப்போது இரண்டு ஊரும் திருச்சி மாவட்டத்தில் இருந்தன. பெரம்பலூர்ப் பள்ளியின் கூடைப்பந்து அணியில் நீ, ரிங்குக்குக் கீழே நின்றால் எல்லார் தலைக்கும் மேலே தெரிகிறவள். அரியலூர் அணியில் நான், ஐந்தடியை எட்டாதவள், ஆனால் காலுக்கு ஓய்வு கொடுக்காதவள். நீ பந்தைக் கூடைக்குத் தூக்குகிற மாதிரி பாவனை காட்டுவாய். நான் அதை நம்பிக் குதிப்பேன். நான் கீழே இறங்கி வருகிற நேரத்தில் நீ நிதானமாக எம்பிப் பந்தைப் போடுவாய். ஒரே ஆட்டத்தில் திரும்பத் திரும்ப ஏமாந்தேன். ஆட்டம் முடிந்ததும் நீ வந்து, "நீ குதிக்காம நின்னிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு யோசிச்சியா?" என்று கேட்டாய். கேலி செய்கிறாய் என்று நினைத்து உன் கையை உதறிவிட்டுப் போனேன்.

பிறகு திருச்சியில் ஒரே கல்லூரி, ஒரே அணி, ஒரே ஹாஸ்டல் அறை. நான் பந்தைக் கொண்டுவந்து தருவேன், நீ போடுவாய். படிப்பு முடிந்து உன் ஊரில் நீயும் என் ஊரில் நானும் உடற்கல்வி ஆசிரியைகளாக வந்து சேர்ந்தோம். அணிக்குப் பெண்களைத் தேர்ந்தெடுக்கிற இடங்களிலெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். எந்தப் பெண்ணைப் பற்றியும் முதலில் இருவரும் ஒரே மாதிரி சொன்னதாக எனக்கு நினைவில்லை. எனக்குக் கால் முதலில் கண்ணில் படும். உனக்குக் கை. பஸ் ஸ்டாண்டில் டீ ஆறிப்போகிற வரைக்கும் சண்டை போடுவோம். உன் பஸ் வந்ததும் நீ, "சரி, நாளைக்குப் பேசுவோம்" என்று ஏறிவிடுவாய்.

உன் உயரம் உன்னை என்ன பாடு படுத்தியது என்று பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அணித் தேர்வுக்குப் போனால் நம் கோச் உன் உயரத்தில் இரண்டு அங்குலம் கூட்டிச் சொல்வார். உன்னைப் பெண் பார்க்க வந்தால் உன் அப்பா இரண்டு அங்குலம் குறைத்துச் சொல்வார். குறைத்துச் சொன்னதற்குத் தக்கபடி நீ தோளைக் குறுக்கிக்கொண்டு காபித் தட்டோடு வர வேண்டும். வந்தவர்கள் ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. கடைசியாக ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த ஒருவர் வந்தார். உன் காதளவு இருப்பார். அவர் மட்டும்தான் உன் உயரத்தை யாரிடமும் கேட்கவில்லை. கல்யாண போட்டோவில் அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னபோது, நான் நின்றுகொண்டே எடுத்துக்கொள்கிறேன் என்றாராம். அதை நீ எத்தனையோ முறை சொல்லிவிட்டாய். ஒவ்வொரு முறையும் புதுசாகச் சொல்வது போலத்தான் சொல்வாய்.

பெண்களுக்கு ஒரு கூடைப்பந்து லீக் தொடங்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது நாம் பணி ஓய்வுக்குப் பக்கத்தில் வந்திருந்தோம். அதில் ஏலம் கிடையாது. இளம் ஆட்டக்காரிகளை அணிகள் முறைபோட்டு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளும். டிராஃப்ட் என்றார்கள். எடுக்கப்பட்டவளுக்குச் சாப்பாடு, தங்குமிடம், பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு. நன்றாக ஆடினால் பின்னால் ஒரு வேலைக்கும் வழி கிடைக்கும். ஓர் அணியின் மேலாளர், பணிவாகப் பேசும் இளைஞர், உனக்குப் போன் செய்து, உங்கள் பக்கத்தில் தேறுகிற பெண் இருந்தால் பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். கூடை போடுவதற்கு அவர்களிடம் ஆள் இருந்தது. எதிராளியை ரிங்குக்குக் கீழே மறித்து நிற்கத்தான் ஆள் இல்லை. உயரமாக இருக்க வேண்டும், தடுப்பாட்டம் வர வேண்டும் என்றார்.

ஜெனிதாவைப் பற்றி ஏற்கெனவே பேச்சு இருந்தது. ஏலாக்குறிச்சிப் பெண். அரியலூரில் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அவள் அப்பா அந்தோணிசாமி, ஆறடி ஒரு அங்குலம் என்று எல்லாரிடமும் சொல்லிவந்தார். பொய் சொல்கிற மனிதர் இல்லை அவர். கரும்புத் தோட்டத்தில் நின்ற மகளைப் பார்த்து யாரோ அப்படிச் சொல்ல, கேட்க நன்றாக இருந்ததால் அவரும் அதையே சொல்லத் தொடங்கியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் பள்ளிக்கூட மைதானத்துக்கு அவளை வரச் சொன்னோம். சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்க்கொண்டே இருக்கிற ரோடு பக்கத்தில் என்பதால் தரையில் எப்போதும் மாவு போலத் தூசி படிந்திருக்கும். காலை வைத்தால் வழுக்கும். அவள் யாரும் சொல்லாமலே ஈரச் சாக்கை எடுத்து இழுத்து, தரையைத் துடைத்துவிட்டு வந்து நின்றாள். நிற்கும்போது கூன் போட்டாள். நீ அவள் முதுகில் கையை வைத்து நிமிர்த்தினாய்.

விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறையின் கதவு நிலையில் அவளை நிற்கவைத்து அளந்தோம். ஐந்தடி பத்து. அந்தோணிசாமி டேப்பைத் தானே வாங்கி ஒருமுறை பார்த்தார். சாயங்காலத்தில் உடம்பு கொஞ்சம் அமுங்கிவிடும், காலையில் அளப்போம் என்று நீ சொன்னாய். அன்று என் வீட்டிலேயே தங்கினாய். மறுநாள் காலை அவர்கள் முதல் பஸ்ஸுக்கே வந்துவிட்டார்கள். அரை அங்குலம் ஏறியிருந்தது. அவ்வளவுதான் ஏறும் என்று உனக்குத் தெரியும். அந்த அரை அங்குலத்தையும் அவளுக்கு வாங்கிக்கொடுக்காமல் விடக் கூடாது என்று நினைத்திருக்கிறாய்.

அதன் பிறகு நீ முழங்காலில் தைலம் தேய்த்து, உறையை ஏற்றிக்கொண்டு, சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினாய். வயசுக்கு இது தேவையா என்று கேட்டேன். நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜெனிதாவை முதுகுக்குப் பின்னால் நிற்கவைத்துவிட்டுப் பந்தைத் தூக்கினாய். அதே பாவனை. அவள் குதிக்கவில்லை. இன்னொரு பக்கம் திரும்பிக் காட்டினாய். குதிக்கவில்லை. கையை மட்டும் மேலே நீட்டியபடி பந்தைப் பார்க்காமல் உன் இடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் நீ நிஜமாகவே எம்பியபோது அவளுடைய விரல் பந்தின் அடியில் பட்டது. தரையை விட்டுக் கால் எழும்பவே இல்லை. பந்து ரிங்கில் பட்டுத் தெறித்தது. நீ மூச்சு வாங்கியபடி குனிந்து நின்றாய். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

அடுத்து நான் பந்தை வாங்கினேன். அவளை நடுவிலிருந்து மறிக்கச் சொன்னேன். வலது பக்கம் போனால் எப்படியோ கூடவே வந்தாள். இடது பக்கம் போனபோது இரண்டாவது அடியிலேயே அவளைத் தாண்டிவிட்டேன். திரும்பவும் போனேன். திரும்பவும் தாண்டினேன். என்னையே பிடிக்க முடியாதவள் இருபது வயசுக்காரியை எப்படிப் பிடிப்பாள்?

நாம் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபோது அதைத்தான் பேசிக்கொண்டு போனோம். நீ சொன்னாய்: "கால் பழகிக்கும்டி. குதிக்காம நிக்கறது இருக்கே, அது யாருக்கும் வராது. பயம் இல்லாதவதான் நிப்பா." நான் அதை ஏற்கவில்லை. காலை மாற்ற முடியாது என்று சொன்னேன். நீ அவளிடம் உன்னைப் பார்க்கிறாய் என்றும் சொன்னேன். நான் மட்டும் அவளிடம் என்னத்தைத் தேடினேன் என்று நீ திருப்பிக் கேட்டாய்.

ஆனால் உண்மையான சண்டை அதற்கு அப்புறம்தான் வந்தது. உயரத்தை ஆறடி என்று சொல்லிவிடலாம் என்றேன். நான் அப்படிச் சொன்னதில் இப்போதும் எனக்குப் பெரிய வெட்கம் ஒன்றும் இல்லை. எல்லா ஊரிலும் ஷூவோடு அளந்து, அதற்கு மேலும் கூட்டித்தான் சொல்கிறார்கள். நாம் மட்டும் குறைத்துச் சொன்னால் நஷ்டம் நமக்கு இல்லை, அந்தப் பெண்ணுக்கு. நீ மெதுவாகத்தான் சொன்னாய்.

"பொண்ணு பாக்க வந்தப்ப குறைச்சு சொன்னாங்க. டீமுக்குக் கூட்டிச் சொன்னாங்க. என் உசரம் என்னவோ அது யாருக்குமே தேவைப்படல. இவளுக்காவது அவ உசரத்தை அவளுக்குக் குடுப்போம்."

நான் அதோடு விட்டுவிட்டேன். ஒத்துக்கொண்டேன் என்று இல்லை.

நீ மேலாளருக்குப் போன் செய்தாய். ஐந்தடி பத்தரை என்றாய். ஆறடிக்கு மேலே என்று கேள்விப்பட்டோமே என்று அவர் இழுத்தார். கை நீளத்தைச் சொன்னாய். குதிக்காமல் நிற்பதைச் சொன்னாய். கடைசியில், கால் மெதுவாக இருப்பதாக என் சிநேகிதி நினைக்கிறாள், இடது பக்கம் இன்னும் மெதுவு என்பதையும் சொன்னாய். போனை வைத்ததும் நான் உன்மேல் பாய்ந்தேன். நமக்குள் பேசியதை அவரிடம் ஏன் சொல்ல வேண்டும்? நீ என்னை விசித்திரமாகப் பார்த்தாய். "நீ பாத்தது அதுதானே? ரெண்டு பேர் போய்ப் பாத்துட்டு ஒருத்தி பாத்ததை மட்டும் சொன்னா எப்படி?" என்றாய்.

டிராஃப்ட் அன்று அந்தோணிசாமி நம் இருவரையும் ஏலாக்குறிச்சிக்கு வரச் சொல்லியிருந்தார். திருமானூர் வழியாகப் போனோம். வீடு நிறைய சொந்தக்காரர்கள். ஜெனிதாவின் அம்மா கொள்ளிடத்து மீன் வாங்கிக் குழம்பு வைத்திருந்தார். போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்து எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். முதல் சுற்றுப் போயிற்று. இரண்டாவது போயிற்று. நம்மிடம் விசாரித்த அணியின் முறை வந்தபோது வேறு ஊர்ப் பெண் ஒருத்தியின் பெயரைச் சொன்னார்கள். ஆறடி மூன்று அங்குலம் என்று திரையில் போட்டார்கள். அதற்குப் பின்னும் சுற்றுகள் இருந்தன. ஜெனிதாவின் பெயர் வரவே இல்லை. அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள்.

யாரும் சாப்பிடவில்லை. நீதான் தட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாய். அந்த அம்மாள் சமைத்தது வீணாகிவிடக் கூடாது என்று நினைத்திருப்பாய். பாதி சாப்பாட்டில் அந்தோணிசாமி வந்து உன் எதிரே நின்றார். சத்தம் போடவில்லை.

"ரெண்டு இஞ்ச் கூட்டிச் சொல்லியிருந்தா உங்களுக்கு என்னங்க டீச்சர் குறைஞ்சிருக்கும்?"

நீ சாதத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, கூட்டிச் சொல்லியிருந்தால் எடுத்திருப்பார்கள்தான் என்றாய். ஆனால் அங்கே போய் நின்ற முதல் நாளே அவளை அளந்து பார்ப்பார்கள், கூட்டிச் சொன்னது நாமாக இருந்தாலும் பொய்க்காரி என்ற பேர் அவளுக்குத்தான் வரும் என்றாய்.

"அது நீங்க சொல்றது. வூட்டுக்குள்ள ஒரு பொண்ணு அழுதுகிட்டு கெடக்குது. அதுக்கு நான் என்ன சொல்றதுங்க?"

நீ மிச்சச் சாதத்தையும் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, சாத்திய கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாய். தட்டவில்லை. போயிட்டு வரோம் என்று அவள் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தோம்.

திரும்பும் பஸ்ஸில் கோயிலுக்கு வந்துவிட்டுப் போகிறவர்கள் கூட்டம். உட்கார இடம் கிடைக்கவில்லை. நீ மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய், நான் சீட்டு முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திருமானூர் தாண்டியதும் நீ சொன்னாய்: "அவரு கேட்டதுல தப்பில்லடி. நான் அவ உசரத்தைச் சொன்னேனா, இல்ல என் கோவத்தைச் சொன்னேனா, எனக்கே தெரியல."

உன்னை அப்படி நான் பார்த்ததில்லை. தேர்வில் எவ்வளவு பேர் அழுதாலும் மறுநாளே அடுத்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவள் நீ. அன்று நான் சொல்லியிருக்க வேண்டியது என்ன என்று இப்போதுகூட எனக்குத் தெரியவில்லை.

அந்த வருஷக் கடைசியில் உனக்கு உடம்புக்கு வந்தது. மூச்சு வாங்குவதை வயசு என்றுதான் நீயும் நினைத்தாய், நாங்களும் நினைத்தோம். திருச்சியில் சேர்த்த பிறகுதான் அது நுரையீரல் என்று தெரிந்தது. நீ படுத்திருந்த அறைக்கு ஒருநாள் அந்தோணிசாமியும் ஜெனிதாவும் வந்தார்கள். அவர் இளநீர்க் குலையைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். இன்னும் தன் மனசு ஆறவில்லை, ஆனால் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை என்றார். "ஆற வேணாங்க. உக்காருங்க" என்று நீ சொன்னாய். அவர் உட்கார்ந்தார். ஜெனிதா உன் கால்மாட்டில் நின்றாள். கட்டில் உன் நீளத்துக்குப் போதவில்லை. உன் பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் போர்வையை இழுத்து அதை மூடிவிட்டாள். அவள் கூன் போடாமல் நிமிர்ந்து நின்றதை நான் கவனித்தேன். நீ கவனித்தாயா என்று கேட்க மறந்துபோனேன்.

தை மாதம் நீ போய்விட்டாய். இனி நான் சொல்வதெல்லாம் உனக்குத் தெரியாதது.

ஜெனிதா ஆடுவதை நிறுத்தவில்லை. கல்லூரி அணியில் ஆடினாள், பல்கலைக்கழக அணிக்கும் எடுத்தார்கள். நான் போய் ஒன்றிரண்டு ஆட்டங்கள் பார்த்தேன். ரிங்குக்குக் கீழே யார் வந்தாலும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். ஏமாற்றினால் ஏமாறுவதில்லை. வாயைத் திறந்து பேசவும் ஆரம்பித்திருக்கிறாள். பின்னால் ஆள் வருவதை மற்றவர்களுக்கு எச்சரித்துக் கத்துகிறாள். அவ்வளவு பெரிய குரல் அவளிடம் இருந்தது நம் இருவருக்கும் தெரியாமல் போயிற்று.

போன மாதம் அந்த மேலாளர் எனக்குப் போன் செய்தார். உன்னைத்தான் கேட்டார். நீ இல்லை என்று சொன்னதும் வருத்தப்பட்டார். பிறகு விஷயத்தைச் சொன்னார். போன தடவை ஆறடி மூன்று என்று நம்பி எடுத்த பெண் வந்து நின்றபோது ஆறடிகூட இல்லையாம். மற்ற அணிகளுக்கும் இதே கதைதானாம். பிறகு ஒரு பல்கலைக்கழக ஆட்டத்தில் ஜெனிதாவை அவர்களுடைய கோச் பார்த்திருக்கிறார். மறுநாள் காலையில் பக்கத்தில் நின்று அளந்தும் பார்த்திருக்கிறார்.

"ஐந்தடி பத்தரைன்னா ஐந்தடி பத்தரையேதான் இருந்துச்சு மேடம். அந்த மேடம் உயரத்தைச் சரியா சொல்லியிருக்காங்கன்னா, டிபன்ஸ் பத்திச் சொன்னதும் சரியாத்தான் இருக்கும்னு எங்க கோச் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறாய்? இடது பக்கம் இன்னும் மெதுவுதான் என்றேன். முன்னைக்குப் பரவாயில்லை, ஆனால் வேகமான ஆட்டக்காரியின்மேல் விடாதீர்கள், ரிங்கை விட்டு வெளியே இழுக்காதீர்கள் என்றேன். அதே மூச்சில் நீ சொன்னதையும் சொன்னேன். குதிக்க மாட்டாள் என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, போன தடவை அந்த மேடமும் இதே இரண்டையும்தான் சொன்னார் என்றார்.

நேற்று டிராஃப்ட். இந்தத் தடவை அந்தோணிசாமி ஒருவரையும் கூப்பிடவில்லை. ஜெனிதா கல்லூரிக்குப் போய்விட்டாள், அவர் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். நான்தான் தனியாக என் வீட்டில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்காவது சுற்றில் அந்த அணியின் முறை வந்தது. ஜெனிதா, அரியலூர் மாவட்டம் என்றார்கள். பக்கத்தில் உயரத்தைப் போட்டிருந்தார்கள். நாம் அளந்த அதே உயரம்.

அந்தோணிசாமிக்குப் போன் செய்து சொன்னேன். மறுமுனையில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, என்ன உயரம் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். "சரிங்க" என்றார். அப்புறம், "அந்த டீச்சர் வூட்ல சொல்லிட்டீங்களா?" என்றார். அதற்குத்தான் இன்று பஸ் ஏறினேன்.

அவள் நன்றாக ஆடுவாளா, வருஷம் முழுக்கப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாளா, எனக்குத் தெரியாது. நான்காவது சுற்றில் எடுத்தவர்களை அடுத்த வருஷம் அனுப்பிவிடுகிறதும் உண்டு. அதையெல்லாம் அவளிடமும் சொல்லிவிட்டேன். "தெரியும் டீச்சர்" என்றாள். போகிறதற்கு முன்னால் உன் வீட்டுக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போவதாகச் சொன்னாள்.

உன் வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார். கொஞ்சம் இளைத்திருக்கிறார். எனக்கு அவரே டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை அதிகம். செய்தியைச் சொன்னதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கால் சரியாயிடுச்சாம்மா அந்தப் பொண்ணுக்கு?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. கால் விஷயம் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"வூட்டுக்கு வந்தா அவ அதைத்தான் சொல்லுவா. கால் மெதுவுதான், நீ சொல்றதுதான் சரின்னு. எப்பவுமே அப்படித்தாம்மா. உன்கிட்ட சண்டை போட்டுட்டு வருவா, வந்ததும் உன் பக்கம் பேசுவா. அப்ப உன்கிட்டயே சொல்ல வேண்டியதுதானேன்னு கேப்பேன். ஒத்துக்கிட்டா நீ அதோட உன் கண்ணால பாக்கறதை நிறுத்திடுவே, அப்புறம் எனக்கு யாரு இருக்கான்னுவா."

நான் டீயைக் குடித்து முடிக்கும் வரை தலையை நிமிர்த்தவில்லை. இத்தனை வருஷம் என் பஸ்ஸில் நானும் அதையேதான் செய்துகொண்டு போனேன் என்று அவரிடம் சொல்லவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து நீ சொன்னதை நினைத்துப் பார்த்து, அதுவும் சரிதான் என்று எத்தனை தடவை எனக்குள் சொல்லிக்கொண்டிருப்பேன். மறுநாள் உன்னைப் பார்த்தால் மட்டும் வாயில் வராது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வரதராஜன்பேட்டைக்குப் போகிறேன். அந்த அணிக்காக ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்லக் கேட்டிருக்கிறார்கள். தனியாகத்தான் போக வேண்டும். ஆனால் தனியாகப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை. அதனால் முதல் பாதி ஆட்டத்தை ரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து உன் கண்ணால் பார்ப்பேன். கை எங்கே இருக்கிறது, தூக்காத பந்துக்குக் குதிக்கிறாளா என்று. இடைவேளையில் எழுந்து நடுக்கோட்டுப் பக்கம் போய்விடுவேன். மிச்ச ஆட்டத்தில் காலைப் பார்ப்பேன். பிறகு பஸ் ஸ்டாண்டில் ஒரு டீயை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு பேருக்காகவும் நானே பேசுவேன். இரண்டு பேரும் சண்டை போட்டால், இரண்டையும் அப்படியே போனில் சொல்லிவிடுவேன். சண்டையே வராமல் ஒத்துப்போய்விட்டால், எங்கேயோ சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். இன்னொரு நாள் போய் மறுபடியும் பார்ப்பேன்.